தேநீர்க் கடனின் தீராத் தன்மை: வெள்ளகோவில் பேக்கரிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கோவையிலிருந்து கரூர் போகும் சாலையில், காங்கேயத்தைத் தாண்டினால் வருகிற ஊர் வெள்ளகோவில். விசைத்தறி, எண்ணெய் ஆலை, கொப்பரை ஏலம், முருங்கைக்காய் என்று இவ்வூரைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. அவற்றையெல்லாம் பொருளாதார அறிஞர்களுக்கு விட்டுவிட்டு, அவர்கள் தொடத் தயங்கிய ஒரு கேள்வியை இந்த ஆய்வு எடுத்துக்கொள்கிறது: பேக்கரியில் நான்கு பேர் டீ குடித்த பிறகு காசு கொடுப்பது யார்?

சின்னக் கேள்வி என்று நினைப்பவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு கல்லாப்பெட்டியின் அருகே கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

முதலில் களம். பேக்கரி என்றால் ரொட்டி வாங்கும் கடை என்று தஞ்சாவூர்க்காரர் நினைத்துக்கொள்ளக்கூடும். கொங்கு நாட்டில் அது டீ குடிக்கும் இடம். கண்ணாடி அலமாரியில் தேங்காய் பன்னும் பப்ஸும் கேக்கும் அடுக்கியிருக்கும். ஓரத்தில் பாய்லர் கொதிக்கும். வாசலில் பைக்குகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். ரொட்டியும் கிடைக்கும். ஆனால் ரொட்டிக்காக மட்டும் வருகிறவர் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்று பொருள்.

முன்னோடி ஆய்வுகளைச் சொல்லாமல் எந்த ஆய்வேடும் ஏற்கப்படாது. வள்ளுவர் 79ஆம் அதிகாரம் தொடங்கி 83 வரை ஐந்து அதிகாரங்களில், ஐம்பது குறள்களில் நட்பை அலசியிருக்கிறார். நண்பரைத் தேர்ந்தெடுப்பது எப்படி, கழற்றிவிடுவது எப்படி என்பதெல்லாம் அதில் உண்டு. பில் விஷயத்தில் அவர் மௌனம். அவரைக் குறை சொல்ல முடியாது, அப்போது டீ இல்லை. காப்பியும் இல்லை என்பதை வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று தம் நூலின் தலைப்பிலேயே அறிவித்துவிட்டார்.

நமக்கு மிக நெருங்கிய முன்னோடி பிரெண்டா பெக். மானிடவியல் படித்த இந்தப் பெண்மணி 1960களின் நடுவில், வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் போகிற வழியில் உள்ள ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். அண்ணமார் சாமி கதையை உடுக்கடிப் பாடகர்கள் பாடப் பாட, இரவு இரவாக டேப்பில் பதிந்தார். 1972இல் கொங்குச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. எந்தச் சாதியார் யார் கையில் வாங்கிச் சாப்பிடுவார்கள், யார் கையில் சாப்பிட மாட்டார்கள் என்பதை அதில் விரிவாகக் குறித்திருக்கிறார். யார் யாரிடம் எதை வாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தால் ஒரு ஊரே புரிந்துவிடும் என்ற அவருடைய முறையைத்தான் இந்த ஆய்வு கடன் வாங்கியிருக்கிறது. (கடனைத் திருப்பித் தரும் உத்தேசம் இல்லை. ஏன் என்பது கீழே விளங்கும்.) சிரிப்புக்கு நடுவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது சாதி பார்த்து டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த நாடு. ஒருவர் வாங்கிக் கொடுத்த டீயை இன்னொருவர் அதே மாதிரித் தம்ளரில் நின்று குடிப்பது இங்கே எல்லோருக்கும் எல்லா நாளும் வாய்த்த சங்கதி அல்ல.

அடுத்து, ஆய்வுக்குட்பட்டவர் யார்? இது எளிய கேள்வி போலத் தெரியும். 1975இல் வெள்ளகோவிலில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டத்துக்காரர் ஆனார். அதுவே பிறகு ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்காரர். இத்தனைக்கும் மனிதர் வீடு மாறவில்லை. வெள்ளகோவில் என்ற பெயரிலேயே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2006 தேர்தலோடு அதுவும் போயிற்று. இப்போது அவர் சட்டமன்றத்துக்குக் காங்கேயம் தொகுதியிலும் நாடாளுமன்றத்துக்கு ஈரோடு தொகுதியிலும் ஓட்டுப் போடுகிறார், மனுக் கொடுக்கத் திருப்பூர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறுகிறார்.

இந்தக் குழப்பம் எதுவும் டீ மாஸ்டருக்குக் கிடையாது. பைக்கின் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்டதும், தலை நிமிராமலே, ஸ்ட்ராங்காக, சக்கரை கம்மியாக ஒரு டீ அவர் கையில் ஆற ஆரம்பிக்கும். அரசாங்கம் தந்த எல்லா அட்டைகளையும்விட இந்த அடையாளம் நிலையானது என்பது ஆய்வாளரின் துணிபு. ஒருவருக்குச் சர்க்கரை நோய் வந்ததை அவர் மனைவிக்கு முன்னால் தெரிந்துகொள்பவரும் மாஸ்டர்தான்.

இனி மையப் பொருளுக்கு வரலாம். டீ குடித்து முடிந்ததும் கல்லாவின் முன் நிகழ்வதை வெளியூர்க்காரர் பார்த்தால் சண்டை என்றே நினைப்பார். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுப்பார். “அட நீங்க இருங்ணா, நா குடுக்கறேன்.” “போன வாட்டியும் நீங்கதானுங்க குடுத்தீங்க.” வயதொத்தவர்கள் என்றால் மரியாதை கழன்றுவிடும்: “டேய் மாப்ள, நீ சும்மா இர்றா.” கல்லாவில் இருப்பவர் யார் நீட்டும் நோட்டை வாங்குவது என்று நீதிபதி போல ஒரு கணம் யோசிப்பார்.

இந்தத் தருணத்தில் பழைய தலைமுறைக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. வெள்ளை வேட்டிக்காரரின் பணம் அண்ட்ராயர் பாக்கெட்டில் இருக்கும். வேட்டியை ஒதுக்கி, பாக்கெட் பட்டனைக் கழற்றி, மடித்த நோட்டுக்கட்டை எடுத்து, விரலை நனைத்து ஒன்றைப் பிரிப்பதற்குள், சட்டைப் பையில் சில்லறை வைத்திருக்கும் இளைஞர் கொடுத்து முடித்திருப்பார். இது சாமர்த்தியமா, தற்செயலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சரியாகப் பில் கொடுக்கும் நேரத்தில் போன் வந்து, காதில் வைத்தபடி சாலை ஓரம் வரை நடந்துபோகும் ஒரு வகையினரும் உண்டு. அவர்கள் விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை.

எல்லோரும் ஏன் கொடுக்கத் துடிக்கிறார்கள்? கொடை பற்றிப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதிய கட்டுரையில், வாங்கிக்கொண்டவர் திருப்பிச் செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எல்லாக் கொடைக்கும் உள்ளே இருக்கிறது என்றார். மானிடவியலாளர் டேவிட் கிரேபர் கடனைப் பற்றி 2011இல் எழுதிய நூலில் நைஜீரியாவின் டிவ் மக்களிடம் ஆய்வாளர் லாரா போகனன் கண்டதை எடுத்துக் காட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரி முட்டையோ வெண்டைக்காயோ கொண்டுவந்து கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். ஆனால் சரிக்குச் சரி கொடுத்துவிடக் கூடாது. கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால், உன்னோடு இனி எனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

வெள்ளகோவில் இதை மோஸைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறது. கல்யாண மொய்க்கு நோட்டு உண்டு; பெயர், ஊர், தொகை எல்லாம் பதிவாகும், பல வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். டீக்கு நோட்டு கிடையாது. நான்கு பேரில் யார் யாருக்கு எத்தனை டீ பாக்கி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் இருந்தால் அந்தக் கூட்டத்தில் அவரை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். கணக்கு நேரானால் நாளைக்கு வருவதற்குக் காரணம் இல்லை. அது கோணலாகவே கிடப்பதுதான் அவர்களை மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

கருதுகோளுக்குக் கலைத்துறையிலிருந்து ஒரு சான்று. உடுமலைப்பேட்டைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணி, ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்தில் செந்திலிடம் இரண்டு வாழைப்பழத்துக்குக் காசு கொடுத்தனுப்புகிறார், வருவது ஒன்று. மற்றொன்று எங்கே என்ற விசாரணை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் தீர்ப்பு வருவதில்லை. முப்பது ஆண்டுக்கு மேலாகப் பேக்கரி வாசல்களில் அந்த வழக்கை நண்பர்கள் மறுபடி மறுபடி நடத்திச் சிரிக்கிறார்கள். இரண்டாவது பழம் கிடைத்திருந்தால் படத்தை இன்றைக்கு யார் நினைவு வைத்திருப்பார்கள்? அடி வாங்கினாலும் செந்தில் பக்கத்தை விட்டு நகர்வதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்கு வந்த பெரிய சோதனை 2016இல் அறிமுகமான யுபிஐ. முதல் விளைவு நல்லதுதான். அண்ட்ராயர் பாக்கெட் தலைமுறைக்கு விடுதலை கிடைத்தது. போனை நீட்டினால் போதும். இரண்டாவது விளைவு, கல்லாவின் மேல் வந்து உட்கார்ந்த ஒலிப்பெட்டி. முன்பெல்லாம் உண்மையான கெட்டிக்காரர் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, பன் எடுக்கப் போகிறவர் போல எழுந்து, கல்லாவில் கண்ணைக் காட்டி முடித்துவிட்டு வந்துவிடுவார். மற்றவர்கள் எழுந்து போனால், “அண்ணன் குடுத்துட்டாருங்க” என்று பதில் வரும். இப்போது அறுபது ரூபாய் வந்துசேர்ந்த செய்தியைப் பெட்டி கடைத்தெருவுக்கே அறிவித்துவிடுகிறது. ரகசியமாகக் கொடுக்கும் கலை இதனால் அழிந்தது. அதே சமயம், போன் வந்ததாகச் சொல்லி நழுவியவர் ஒருநாளும் பெட்டியின் வாயில் வந்ததில்லை என்பதும் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாவது விளைவு கவலைக்குரியது. பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கணக்கிடும் செயலிகள் உண்டு. பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் வரும் பையன்கள் சிலர் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவருகிறார்கள். டீ குடித்துப் பிரிந்த பிறகு, போனில் ‘பதினைந்து ரூபாய் அனுப்பவும்’ என்று செய்தி வந்தால் உள்ளூர் நண்பர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? அனுப்பிவிடுவார். அடுத்த தடவை அந்தப் பையன் பேக்கரிக்குக் கூப்பிட்டால் அவருக்குத் தோட்டத்தில் தண்ணி பாய்ச்சும் வேலை வந்துவிடும்.

ஆய்வின் குறையும் சொல்லப்பட வேண்டும். மேலே டீ குடித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் பேக்கரிக்கு வருகிறார்கள், பார்சல் வாங்குகிறார்கள், போகிறார்கள். நின்று பேசும் வாசல் இன்னும் அவர்களுடையதாகவில்லை. அவர்களுடைய தீராக் கணக்கு மதில்மேல் கை மாறும் கருவேப்பிலையிலும் குழம்புக் கிண்ணத்திலும் ஓடுகிறது. கிண்ணத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. சில ஆண்டுகளாகக் கொங்கு ஊர்களில் வள்ளி கும்மி ஆட்டப் பயிற்சி மறுபடி களைகட்டியிருக்கிறது. பெண்களுக்கும் ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்துப் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பயிற்சி முடிந்து கலையும் கூட்டம் எங்கே நிற்கிறது, டீ வாங்குவது யார் என்பதை ஆராய ஒரு பெண் ஆய்வாளர் வேண்டும். ஓலப்பாளையத்துக்குக் கடல் தாண்டி ஒருவர் வந்தார். திருப்பூரிலிருந்து ஒருவர் வரமாட்டாரா?

கடைசியாக, கரூர் சாலையில் போகும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெள்ளகோவிலில் யாராவது உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் பதினைந்து ரூபாயை அவருக்கு அனுப்பி வைக்காதீர்கள். திரும்பி வரும்போது அதே பேக்கரியில் வண்டியை நிறுத்தி, டீயோடு ஒரு பப்ஸும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.