தாளத்துக்கு மங்கும் விளக்கு

கேள்வி: சான்பாடா நெரிசலில் நிற்கும் காரில், பாட்டின் தாளத்துக்கேற்ப முகப்பு விளக்கும் மங்குவது ஏன்?

பதில்: விளக்கு தாளம் போடவில்லை, பட்டினி கிடக்கிறது. எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் வண்டி ஊரும்போது தன் முழுத் திறனில் ஒரு பகுதியையே தருவதால், தாழ்ந்த ஒலிகளை முழக்கும் சப்வூஃபரின் ஒவ்வொரு அதிர்வும் பாட்டரியைச் சுரண்டுகிறது. 500 வாட் ஒலித்திறனுக்கு, 60 விழுக்காடு செயல்திறனுள்ள ஏபி வகை ஆம்ப்ளிஃபையர் 13.8 வோல்ட்டில் ஏறக்குறைய 60 ஆம்பியர் இழுக்க, 80 விழுக்காடு செயல்திறனுள்ள டி வகைக்கு 45 ஆம்பியரே போதுமாதலால், முதலில் மாற்ற வேண்டியது ஆம்ப்ளிஃபையரையே. மின்னேற்றத்தைத் தேக்கி நொடிப்பொழுதில் விடுவிக்கும் கெப்பாசிட்டர், விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும், புதிதாக மின்சாரம் எதையும் உண்டாக்குவதில்லை. தடித்த செப்புக்கம்பியும் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூசும் கட்டாயம்; அதற்குமேலும் முழக்கம் வேண்டுவோர் பெரிய ஆல்டர்னேட்டருக்கே செலவிட வேண்டும்.