பாடியில் பாதி கரண்ட்!

கேள்வி: கோயில் விசேஷங்களுக்கு மைக் செட் போடுகிறேன். புது ஆம்ப்ளிஃபயரின் பாடியைத் தொட்டால் ஜிவ்வென்கிறது. மீட்டர் 110 வோல்ட் காட்டுகிறது. லைனில் வருவது 230. பாதி எங்கே போனது? (தாராவி)

பதில்: இரண்டு கண்டன்சர்கள் பங்கு போட்டுக்கொண்டன. எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து பாடிக்கு ஒன்று வைப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசியும் கரண்ட் மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொங்கும்: 230-ல் பாதி. 4.7 நானோஃபாரட் கண்டன்சர் வழியே வருவது ஒரு மில்லியாம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான். சுருக்கென்னும், ஆளைச் சாய்க்காது.

ஆனால் உங்கள் செட்டில் இருப்பது அந்தக் கசிவுதானா, இல்லை இன்சுலேஷன் போன டிரான்ஸ்ஃபார்மரா? டிஜிட்டல் மீட்டர் துளிக் கசிவுக்கும் பெரிய எண் காட்டும். மெக்கானிக்கிடம் கொடுத்து, பாடிக்கும் நல்ல எர்த்துக்கும் நடுவே 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் மூன்று நான்குக்கு இறங்கினால் கண்டன்சர் கசிவு. இறங்க மறுத்தால் செட்டைத் தொடாதீர்கள், அது முழுப் பழுது. மும்பையில் ஆடி மாதமும் அடைமழையும் ஒன்றாக வருகின்றன. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கை உதட்டருகே பிடித்துப் பாடுகிறவரை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றினால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' சத்தம் நின்றுவிடுகிறதே? (செம்பூர்)

பதில்: நிற்கும். பாதுகாப்பும் அதோடு நிற்கும். மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள். எர்த்துக்கு இரண்டு பாதை உண்டானதால் வந்த சத்தம் அது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அப்படியும் போகாவிட்டால் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் கழற்றாதீர்கள்: 1972 மே மாதம், பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி அங்கேயே உயிரிழந்தார்.

கேள்வி: எலக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டார். ஜிவ்வு போய்விட்டது. சரிதானே? (மாட்டுங்கா)

பதில்: இன்றைக்கே பிரிக்கச் சொல்லுங்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஆம்ப்ளிஃபயர் வழியாகத் திரும்பும் 230 வோல்ட் முழுதும் பாடியில் வந்து நிற்கும். 110-ல் தொங்கிய பாடி சுருக்கென்றது. இது பேச விடாது. முறையான எர்த் இழுங்கள், கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டுங்கள்.

கேள்வி: எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டினால்? (தாராவி)

பதில்: பிளாஸ்டிக் குழாய் என்றால் பயனே இல்லை. இரும்புக் குழாய் நடுவில் பிளாஸ்டிக் ஒட்டுப் போட்டிருந்தால், உங்கள் செட்டில் பழுது வரும் நாளில் கரண்ட் மண்ணுக்குப் போகாது. விடியற்காலையில் அதே குழாயடியில் குடம் வைக்கிற பக்கத்து வீட்டு அக்காவின் கைக்குப் போகும்.