காற்றும் சோறும்

பல்லேகலைக் கைத்தொழிற்பேட்டையைப் பசுமைக் குடியிருப்பாக மாற்றிவிட்டால் நல்ல காற்றைச் சுவாசிக்கலாமே? (வாசகர், மடவளை)

சுவாசிக்கலாம், ஆனால் விடியற்காலையில் சோற்றுப் பொதியுடன் அங்கே பஸ்ஸேறுகிறவர்கள் காற்றையே புசிக்கவும் முடியுமா? ஆலை நிலம் ஜனங்களுக்குப் பூங்காவாகுமென்ற உறுதியும் எப்போதும் நிலைப்பதில்லை: பம்பாயில் 1982ஆம் வருஷத்து வேலைநிறுத்தத்துக்குப் பின் ஓய்ந்துபோன பஞ்சாலைகளின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பூங்கா முதலிய பொதுத் தேவைகளுக்கும், இன்னொரு பங்கு பொது வீடமைப்புக்கும் உரியதென்று 1991இல் வகுத்த விதி, கட்டடமற்ற வெற்றுநிலத்துக்கே அது பொருந்துமென 2001இல் திருத்தப்பட்டமையால், ஜனங்களுக்குக் கிடைத்தது சொற்பமே. அது பெரும் அநியாயம் என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் நற்கதி அடைந்த ஆலையே இல்லையா?

உங்களுக்கு அண்மையிலேயே உண்டு: ஹந்தானையில் 1925இல் எழுந்து, பின்னர் பாழடைந்து கிடந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாகி, கொழுந்தை அரைத்த பழைய உருளை யந்திரங்களைக் காண்பித்து, மேல்மாடியில் தேநீரும் தருகிறது. குடியிருப்புத்தான் வேண்டுமெனில் ஸ்டாக்ஹோம் நகரத்து ஹம்மர்பியைப் பாருங்கள். தொழிற்சாலைகளால் நஞ்சேறிய மண்ணை முதலில் சுத்திசெய்து, அதன் பின்னரே வீடுகளை நிர்மாணித்தார்கள். அவ்வீடுகளின் கழிவுநீரிலுள்ள வெப்பத்தையும் விரயமாக்காது பிரித்தெடுத்து, குளிர்காலத்தில் வீடுகளுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.