தூக்குவாளி வீடு

எங்கள் தெருவில் கொள்கை இல்லாத ஆளே கிடையாது. வரதட்சணை கூடாது, லஞ்சம் கூடாது, வைகையில் குப்பை கொட்டக் கூடாது. காலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் ஓர் அரசியல் சாசனத்தையே எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். குடித்த பேப்பர் கப்பைச் சாக்கடையில் போட்டுவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போவோம். கொள்கையால் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கல் வந்ததில்லை. வாயைத் தாண்டி அதை யாரும் வெளியே விட்டதில்லை.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை என்று அரசாங்கம் அறிவித்தது. அதை அப்படியே நம்பிய சிலரில் நானும் ஒருவன். பரணில் கிடந்த எவர்சில்வர் தூக்குவாளியைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு இட்லி வாங்கக் கிளம்பினேன்.

ஹோட்டலில் பார்சல் கட்டுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் நான் செய்த அட்டூழியம் புரியும். இடது கையில் கவர் விரியும், ஒரு கரண்டி சாம்பார் விழும், கவர் ஒரு சுழற்று சுழலும், கழுத்தில் நூல் நாலு சுற்று, பட்டென்று அறும். அடுத்து சட்னி. இதற்கு நடுவே மூடியைத் திறந்து தூக்குவாளியை நீட்டினேன். தனி ஆவர்த்தனத்தின்போது மேடையேறி மிருதங்க வித்வானிடம் மணி கேட்டவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"இதுல எவ்வளவு ஊத்துறதுன்னு தெரியாதேண்ணே."

கவருக்கு ஒரு கரண்டி என்பது அவர் கணக்கு. அதே ஒரு கரண்டி என் தூக்குவாளியில் விழுந்தபோது அடிப்பக்கம் முழுசாக நனையக்கூட இல்லை. மனுஷனுக்கே கூச்சமாகப் போய்விட்டது. இன்னொரு கரண்டி ஊற்றினார். எட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. இன்னும் ஒன்று. நாலு இட்லிக்கு ஒரு பந்திக்கான சாம்பாரோடு வீடு வந்து சேர்ந்தேன். சுற்றுச்சூழல் பற்றி அதுவரை எந்த அபிப்பிராயமும் சொல்லாத என் மனைவி அன்று ராத்திரியே இயக்கத்தில் சேர்ந்துவிட்டாள்.

தெரு என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. நுண்பிளாஸ்டிக் மீன் வயிற்றுக்குள் போவது, மாடு கவரைத் தின்று சாவது என்று யார் கேட்டாலும் ஒரு மணி நேரம் பேசுமளவுக்குத் தயாராக இருந்தேன். ஒருத்தர் கேட்கவில்லை. எதிர்வீட்டு நண்பர் காரணத்தைத் தாமே கண்டுபிடித்து ஊருக்கு அறிவித்துவிட்டார். "சாம்பார் கூடக் கிடைக்கும்னு தூக்குறாருப்பா. கெட்டிக்காரர்!"

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குச் சம்படத்தோடு போனேன். கடைக்காரர் சம்படத்தைத் தராசில் வைத்து எடையைக் கழித்து, அப்புறம் கறி போட்டார். அந்த அரை நிமிஷத்துக்கு வரிசை மொத்தமும் உச்சுக்கொட்டியது. பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, இங்க சாம்பார் ஊத்த மாட்டாக."

அன்றோடு என் பெயர் போயிற்று. அப்பா அம்மா யோசித்து வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. தெருவில் நான் தூக்குவாளி சார். கூரியர் பையன் வழி கேட்டால், தூக்குவாளி வீட்டுக்கு அடுத்த வீடு என்று கை காட்டுகிறார்கள். மனைவிக்கு இதில் வருத்தம்தான். தூக்குவாளி வீட்டம்மா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் இருக்காது?

நான் சொல்லும் ஆறுதல் அவளிடம் எடுபடுவதில்லை. சென்னை பாரிமுனையில், யாரும் கேட்காமலே நடுரோட்டில் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய ஒருவருக்கு டிராஃபிக் என்பதே பெயரின் முதல் பாதியாக ஒட்டிக்கொள்ளவில்லையா? டிராஃபிக் ராமசாமி பிறகு ஊரிலுள்ள பேனர்களைக் கிழித்தார், மீன்பாடி வண்டிகளுக்கு எதிராக வழக்குப் போட்டார், அடி வாங்கினார். 2018-இல் அவர் பெயரிலேயே சினிமா வந்தது. "உங்களுக்கும் வரும், வாங்க சாப்பிட" என்கிறாள்.

மதுரைக்காரனுக்கு இன்னொரு உதாரணம் கைவசம் உண்டு. கதர் வாங்க எங்களுக்கு வசதியில்லை என்று ரயிலில் சொன்னவர்களுக்குக் காந்தி பிரசங்கம் செய்திருக்கலாம். மேலமாசி வீதி மாடியில், 1921 செப்டம்பர் 22 அன்று தம் உடையைத்தான் குறைத்தார். 1931-இல் சர்ச்சில் அதே உடையை வைத்துத்தான் அரைநிர்வாணப் பக்கிரி என்று ஏசினார். கள்ளுக்கடை மறியல் காலத்தில் பெரியார், கள் இறக்க விடக்கூடாது என்று தம் தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். குத்தகைக்கு விடமாட்டேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தாலும் கள் இறங்கியிருக்காதுதான். நூறு வருஷம் கழித்து அதை யார் பேசப்போகிறார்கள்? என் தூக்குவாளியை இந்த வரிசையில் வைப்பது கொஞ்சம் அதிகம் என்று எனக்கும் தெரியும். ஆனால் வேறு எந்த வரிசையிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

2021 டிசம்பரில் முதல்வர் ஸ்டாலின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம் வேறு வந்துவிட்டது. சினிமாவில் பட்டிக்காட்டான் என்று காட்டக் கையில் கொடுத்த பை இப்போது அரசாங்கத்தின் கொள்கை! ஊரே பையும் வாளியுமாகக் கிளம்பிவிட்டால் என்னைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? வீண் பயம். எங்கள் தெருவில் வேப்பமரத்துக்கு இலைகளைவிடக் கவர்கள்தான் அதிகம்.

பேசப்படுவதில் ஒரு கஷ்டம், ஓய்வு கிடையாது. பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சலை, ஆள் இல்லையென்று கூரியர் பையன் எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். காற்றுக் குமிழிப் பிளாஸ்டிக்கில் மம்மி மாதிரி சுற்றியிருந்தது. சாயங்காலத்துக்குள் செய்தி தெருமுனை இஸ்திரி வண்டி வரை போய்விட்டது. "தூக்குவாளி வீட்டுக்கே எம்புட்டு பிளாஸ்டிக் வருது பாத்தீகளா?" வாரா வாரம் கேரி பேக்கில் தக்காளி வாங்குகிறவர் கேட்டார் இதை. அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர்தான் எந்தப் பாத்திரத்தையும் தூக்கியதில்லையே.

போன மாதம் ஹோட்டல் வரிசையில் எனக்கு முன்னால் எதிர்வீட்டுப் பையன் நின்றான். கையில் என்னுடையதைவிடப் பெரிய வாளி. அப்பா கொடுத்துவிட்டாராம். அவனுக்கு முன்னால் இன்னும் இரண்டு வாளிகள். பார்சல் கட்டுகிறவர் என்னைப் பார்த்த பார்வையில் பழைய சிநேகம் இல்லை.

இந்த வாரம் கல்லாவுக்கு மேலே புதிதாக ஒரு போர்டு தொங்குகிறது: 'பாத்திரம் கொண்டு வந்தாலும் சாம்பார் ஒரு கரண்டிதான். இப்படிக்கு, நிர்வாகம்.' நல்ல பெரிய எழுத்து, பளபளவென்று ஃப்ளெக்ஸில் அடித்திருக்கிறார்கள்.