துத்தநாகமும் ராகிக்களியும்

பாகலூரில் என் பாட்டி, அவ்வா, கத்தரிக்காய் அரிய உட்கார்ந்தால், அவளுக்கு முன்னால் ஒரு சட்டித் தண்ணீர் வந்து உட்கார்ந்துவிடும். அரிந்த துண்டு காற்றுப் படுவதற்குள் தண்ணீரில் விழ வேண்டும். வாழைப்பூ என்றால் அந்தத் தண்ணீரில் ஒரு கை மோரும் சேரும். ஏன் அவ்வா என்று கேட்டால், "கறுத்துப் போயிடும்டா" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சட்டி இருந்திருக்கும்.

மறுபடி அந்தச் சட்டி எனக்கு ஞாபகம் வந்தது 1986ல், ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பிளேட்டிங் பிரிவில். பாகலூர் ரோட்டின் மார்கழிப் பனியில் சைக்கிள் மிதித்துப் போய், கை விறைக்க நின்ற என்னிடம் மேஸ்திரி ஒரு போல்ட்டைக் காட்டிச் சொன்னார்: "மேலே பூசியிருக்கிற துத்தநாகம் தன்னைக் கொடுத்து உள்ளே இருக்கிற இரும்பைக் காப்பாத்துது தம்பி." ஆக்ஸிஜன் இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்க வரும்போது துத்தநாகம் முந்திக்கொண்டு தன்னுடையதை நீட்டிவிடும், அது கரையும் வரை இரும்புக்குத் துருவில்லை. அரிந்த காயைக் கறுக்க வைப்பதும் அதே ஆக்ஸிஜன்தான். முப்பது வருஷம் அந்த வேலைதான் செய்தேன். அதே பறிப்பும் அதே கொடையும் என் உடம்புக்குள்ளும் நடக்கிறது என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம், 1985ல்தான், ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி உடம்புக்குள் இந்தப் பறிப்பு மிஞ்சும் நிலைக்கு 'ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர் வைத்து ஒரு நூல் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டதை உயிரணுக்கள் எரித்துச் சக்தியாக்கும்போது, அடுப்பில் பொறி தெறிப்பதுபோல, ஃப்ரீ ராடிக்கல்கள் தெறிக்கின்றன. எலக்ட்ரான் ஒன்று குறைந்து, பக்கத்தில் இருப்பதிடமிருந்து பறிக்க அலைபவை அவை. உடம்பு தானே செய்துகொள்ளும் நொதிகளும், குளூட்டாதயோனும், காய்கனியில் வரும் வைட்டமின் சி, ஈ போன்றவையும் துத்தநாகம்போல் முன்னே நின்று கொடுக்கின்றன. பறிப்பது மிஞ்சி, கொடுப்பது குறைந்தால், கொழுப்பும் புரதமும் மரபணுவுமே சேதப்படும். பொறியே ஆகாது என்றும் இல்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளை அணுக்கள் அதைத்தான் ஆயுதமாக வைத்திருக்கின்றன.

எங்கள் வீட்டில் ஒரே உணவுக்கு மூன்று பெயர்: அம்மா களி என்பாள், அவ்வா சங்கட்டி என்பாள், எல்லை தாண்டி மாலூரிலிருந்து வரும் மாமா முத்தே என்பார். வாசலில் திருகை சுற்றும் சத்தத்தில்தான் நான் விழிப்பேன். அந்த மாவின் இளஞ்சூட்டு மணம், ஆவி பறக்கும் உருண்டையை விரலால் கிள்ளிப் பண்ணைக்கீரை மசியலில் தோய்த்து மெல்லாமல் விழுங்கும் வழுவழுப்பு, மார்கழி தை வந்துவிட்டால் அவரையை ஊறவைத்துத் திண்ணையில் எல்லாருமாக உட்கார்ந்து பிதுக்கிய பிதுக்கம்பருப்புக் குழம்பு! ராகியின் மேல்தோல் உள்மாவோடு ஒட்டியது, எளிதில் பிரியாது. அதனால் முழுசாகவே அரைத்தார்கள். அதே கொடை வேலையைச் செய்யும் பாலிஃபீனால்கள் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன என்பது அவ்வாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முதல் சம்பளத்தில் நான் பெருமையோடு வாங்கி வந்தது ஒரு மூட்டை பாலிஷ் போட்ட வெள்ளை அரிசி. அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் களி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது அன்றிலிருந்துதான்.

பிறகு நைட் ஷிப்ட். இரவெல்லாம் குழல்விளக்கு, இடையில் இரண்டு சிகரெட், விடிந்ததும் டீக்கடையில் நேற்றைய எண்ணெயிலேயே பொரிந்த போண்டா. மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டில்தான் நன்றாகச் சுரக்கிறது. அது தூக்கத்துக்கு மட்டுமல்ல, இந்தத் துருவைத் தடுக்கவும் உதவுவது. மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெய் ஏற்கெனவே ஆக்ஸிஜனேறிக் கெட்டது. அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த எல்லை அமலுக்கு வந்தது 2018ல்தான். ஐம்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் ரத்தக் குழாய்களுக்குள் இதே பறிப்பு பெருகும் என்று ஓசூர் டாக்டர் விளக்கியபோது, நான் பிளேட்டிங் தொட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவ்வாவின் கண் எப்போதும் சிவந்திருக்கும், விடியற்காலையில் இருமல் ஓயாது; ஜன்னலில்லாத அடுப்படியில் ஈர விறகு ஊதியே அவள் வயசு போயிற்று. தாத்தாவின் பீடியும் அந்தப் புகையும் செய்தது துருப்பிடிக்க வைக்கிற வேலைதான். அம்மாவுக்குக் கேஸ் அடுப்பு வந்த நாளை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

இப்போது மருந்துக்கடையில் அந்தக் கொடைக்கென்றே ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகள் தங்க நிற அட்டையில் தொங்குகின்றன. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரை வைத்து நடத்தி 1994ல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை தின்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியது. கேரட்டில் கீரையில் கலந்து வருவது வேறு, தனியாகப் பிரித்து அள்ளி விழுங்குவது வேறு. மாத்திரை இப்படி என்றால், நடையின் கதை இன்னும் வியப்பு: வேகமாக நடக்கும்போது ஃப்ரீ ராடிக்கல் கூடத்தான் செய்கிறது. அதைப் பார்த்துத்தான் உடம்பு தன் காவலைப் பலப்படுத்திக்கொள்கிறது. கொல்லைக்கும் சந்தைக்கும் நடந்தே தீர்த்த அவ்வாவுக்கு அந்தக் காவல் தினமும் புதுசாகிக்கொண்டிருந்தது.

சிகரெட்டை விட்டு ஒன்பது வருஷமாகிறது. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். களி திரும்பியிருக்கிறது, உருண்டை மட்டும் சின்னது. அதுவும் மாவுச்சத்துதான், அளவு தப்பினால் சர்க்கரை ஏறிவிடும். கீரைதான் தட்டில் பாதி.

திருகை இத்தனை வருஷமும் மாடியில் ரோஜாத் தொட்டிக்கு அடியில் கிடந்தது. போன தையில் தொட்டியை இறக்கி, கழுவி, மாமா வீட்டிலிருந்து வந்த புது ராகியில் ஒரு படி போட்டு நானும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றினோம். சத்தம் கேட்டுப் பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தாள். மாவில் விரலை வைத்துப் பார்த்து, "சூடா இருக்கு தாத்தா" என்றாள்.