சித்தப்பா எடிட்டர் தேடுகிறார்

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு சித்தப்பாவின் தலையில் ஒரு பொறுப்பு வந்து விழுந்தது. குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்கு வெப்சைட் வேண்டும். வரிதாரர்கள் சென்னை, மும்பை, துபாய் என்று சிதறிக் கிடக்கிறார்கள். பத்திரிகை அடித்துத் தபாலில் போட்டுக் கட்டுப்படியாகாது. யோசனை சொன்ன கமிட்டியே, கோயில் காசில் பைசா தொடக் கூடாது என்றும் தீர்மானம் போட்டுவிட்டது. ஆகவே பக்கம் தயாரிக்கிற எடிட்டர் இலவசமாக இருக்க வேண்டும். சித்தப்பா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தார்: சுலபமாகவும் இருக்க வேண்டும்.

“நோட்பேடே போதும் சித்தப்பா. எச்டிஎம்எல்னா வெறும் டெக்ஸ்ட்தானே?” என்றாள் இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகள்.

“கம்ப்யூட்டரோட ஓசியில வந்ததும்மா அது. அதுல செஞ்சா கமிட்டியில எவன் மதிப்பான்?”

ஆனாலும் முயன்று பார்த்தார். மகள் கல்லூரிக் காலத்தில் வாங்கிய பழைய மடிக்கணினி அவருடையது. அந்தக் கால நோட்பேடுக்கு ஒரு சுபாவம் உண்டு: நாம் எதுவும் சொல்லாவிட்டால் கோப்பை ‘ஆன்சி’ முறையில் சேமிக்கும். ஆங்கிலத்துக்கு அதனால் குறையில்லை. தமிழ் எழுத்துக்குத்தான் அதில் இடமில்லை, ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகிவிடும். யூனிகோடு எழுத்துகள் அழிந்துபோகும் என்று சேமிக்கும்போதே ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். அதைப் படித்துவிட்டு ‘ஓகே’ அழுத்தியவர் உலகில் உண்டா? பக்கத்தைத் திறந்தால் அம்மன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாகக் கேள்விக்குறிகள். தெய்வத்தையே சந்தேகிப்பது போலிருந்தது என்று சித்தி முகம் சுளித்தார். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து நோட்பேடே தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 முறைக்கு மாறிக்கொண்டது. சித்தப்பாவின் கணினிக்கு அந்தச் செய்தி எட்டியிருக்கவில்லை.

அடுத்து, கடிதம் அடிக்கும் மென்பொருளிலிருந்து குறிநிரல்களை வெட்டி ஒட்டினார். அது நேர் மேற்கோள்குறியையெல்லாம் அழகாக வளைத்து வைத்திருந்தது. வளைந்த குறியை பிரவுசர் மேற்கோளாகவே ஏற்பதில்லை. படங்கள் ஒன்றும் வரவில்லை.

இதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றும் பேராசையில்லை. “நான் அடிக்கிறது எப்படித் தெரியுமோ, அப்படியே கண்ணுக்கு முன்னால தெரியணும்.” 1990-ல் ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் பிரவுசரே அப்படித்தான் இருந்தது. பக்கத்தைப் படிக்கலாம், அதே ஜன்னலில் திருத்தியும் எழுதலாம். அது நெக்ஸ்ட் கணினியில் மட்டும் ஓடியது. அந்தக் கணினியோ லேசில் கிடைக்காதது. 1993-ல் வந்து உலகெங்கும் பரவிய மொசைக், பார்க்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிற வேலையைக் கழற்றிவிட்டது. அன்று விட்டுப்போனதைத்தான் பின்னால் வந்தவர்கள் தனித்தனியாக விற்றார்கள். ஃபிரண்ட்பேஜ் என்ற எடிட்டருக்காகவே 1996-ல் ஒரு சிறு நிறுவனத்தைச் சுமார் 13 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கோயில் கமிட்டியிடம் இந்தத் தொகையைச் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாவுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அவர் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ‘சிறந்த இலவச எடிட்டர்கள்’ என்று கண்ட பெயரையெல்லாம் நோட்டில் குறித்தார். அண்ணன் மகள் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். நாளிதழின் ‘காலமானார்’ பத்தியை வாசிப்பது போலத்தான் இருந்தது அது.

என்வியூ: 2005-ல் 1.0 பதிப்பு வந்தது, பிறகு நின்றது. அதன் வாரிசு காம்போசர் 2010-க்குப் பிறகு அசையவில்லை. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பிரஷன் வெப், 2012 டிசம்பரில் இலவசமானது. இனிப் புதிய பதிப்பு கிடையாது என்பதும் அதே அறிவிப்பில் இருந்தது. அடோபியின் பிராக்கெட்ஸுக்கு, இந்தப் பக்கம் எழுத எழுத அந்தப் பக்கம் பிரவுசரில் மாறிக்கொண்டே வரும் வித்தை தெரியும். சித்தப்பா கேட்ட வரத்துக்கு வெகு அருகில் வந்த அதற்கு, 2021 செப்டம்பர் 1-ல் அடோபி தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது.

இவற்றில் ‘ஆட்டம்’ என்ற எடிட்டரின் கதை தனி. கிட்ஹப் நிறுவனம் அந்த எடிட்டருக்காகக் கட்டிய அடித்தளம்தான் பிற்பாடு எலக்ட்ரான் என்று பெயர் வாங்கியது. அதே அடித்தளத்தின் மேல் மைக்ரோசாஃப்ட் 2015-ல் விஎஸ் கோடு என்ற போட்டி எடிட்டரை எழுப்பியது. 2018-ல் கிட்ஹப்பையே விலைக்கு வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டத்துக்கு மூடுவிழா. கடைசியில் குடியிருந்தவன் கையில் வீடு, கட்டியவனுக்குத் தெரு. “நம்ம பங்காளிச் சண்டை மாதிரியே இருக்கே” என்று சித்தப்பா மிகவும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

ஆச்சரியம் என்னவென்றால், செத்த எடிட்டர்களில் செய்த பக்கங்கள் எல்லாம் இன்றைக்கும் திறக்கின்றன. கோப்பு வெறும் டெக்ஸ்ட் என்பதுதான் காரணம். எந்த எடிட்டரில் பிறந்தது என்று பிரவுசர் கேட்பதில்லை. குறிநிரலைக் கண்ணால் பார்க்கவே மாட்டேன் என்பவர்களுக்கு சீமங்கி பிரவுசரோடு வரும் வேறொரு காம்போசர், பழைய நெட்ஸ்கேப் வழிவந்தது, இப்போதும் உண்டு. விண்டோஸில் எடை குறைவாக வேண்டுமென்றால் 2003 முதல் இருக்கும் நோட்பேட்++. சுலபம் என்று விளம்பரப்படுத்திக்கொண்டவை போய்ச் சேர, தன்னைச் சுலபம் என்று ஒருநாளும் சொல்லிக்கொள்ளாத இது தாக்குப்பிடித்து நிற்கிறது.

அண்ணன் மகள் கடைசியில் தன் மடிக்கணினியில் விஎஸ் கோடைத் திறந்து, காலிக் கோப்பை எச்டிஎம்எல் பெயரில் சேமித்து, ஒரு ஆச்சரியக்குறி அடித்து டேப் விசையைத் தட்டினாள். முழுப் பக்கத்தின் எலும்புக்கூடு பொலபொலவென்று வந்து விழுந்தது: தலை, உடல், யூடிஎஃப்-8 எல்லாம் தயார். மொழி என்ற இடத்தில் மட்டும் ஆங்கிலம் என்றிருந்தது. அதை அழித்துத் தமிழுக்குரிய இரண்டெழுத்தைப் போட்டாள். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கொடை தேதி மின்னி மின்னித் தெரியணும்மா.”

“அந்த பிளிங்க் குறிநிரலை ஃபயர்ஃபாக்ஸே 2013-ல எடுத்துட்டான் சித்தப்பா.”

“அப்ப ஓடட்டும்.”

எழுத்தை ஓடவிடும் மார்க்கீயும் காலாவதியானது, தரநிர்ணய ஆவணமே அதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது என்று அவள் மன்றாடினாள். பிரவுசரில் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் அவர் கேட்டார். ஓடியது. பக்கம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போன சற்று நேரத்தில் மதுரை அத்தையிடமிருந்து போன்: கண்ணாடி போடுவதற்குள் தேதி ஓடிப்போகிறதாம். மார்க்கீயின் வேகம், நாம் எதுவும் சொல்லாவிட்டால் 6. சித்தப்பா யார் உதவியும் இல்லாமல் அந்த வரியைத் தேடிப் பிடித்து, வேகத்தை 1 என்று போட்டுச் சேமித்தார்.

மறுபடியும் அத்தை. தேதி இன்னும் வந்து சேரவில்லை, காபி ஆறிவிட்டது என்கிறார்.