மட்டாஞ்சேரி மேக்ரோச் சூத்திரமும் அதன் உரையும்

ஒரு கோப்பில் செய்தது ஒவ்வொரு கோப்பிலும் செய்க, செய்தவன் இளைப்பாறுக.

இச்சூத்திரம் என்னுதலிற்றோவெனின், மாதக் கடைசியில் குமாஸ்தா படும் பாட்டையும், அது தீரும் வழியையும் உணர்த்துதல் நுதலிற்று. குமாஸ்தா எனப்பட்டவர் கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், கீழே மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாய் அடுக்கிய கோடவுன், மேலே கம்ப்யூட்டர் என அமைந்த கட்டடத்தின் மாடியில் இருப்பவர். கோப்பு என்றது எக்செல் கோப்பை. கோடவுனுக்கு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, கப்பலேறிய சரக்குக்கு ஒன்று என்று அவை பெருகும். 'இளைப்பாறுக' என்ற மிகையால் சாயா குடித்தலும் கொள்க.

இனி வரலாறு. கணக்குப் பேரேட்டைக் கம்ப்யூட்டர் திரையில் ஏற்றிய விசிகால்க் 1979-இல் வந்தது. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3, தட்ட வேண்டிய விசைகளை வரிசையாக எழுதிவைத்தால் தானே தட்டிக்கொண்டது; மேக்ரோ எனப்படுவது இதுவே. 1993-இல் எக்செல் ஐந்தாம் பதிப்பில் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ குடிபுகுந்தது. அன்றுமுதல் இத்துறை அறிஞர் இரு மதத்தினர் ஆயினர்.

முதலாமவர் பதிவு மதத்தார். 'ரெக்கார்ட் மேக்ரோ'வை அழுத்திவிட்டு வேலையை ஒருமுறை கையால் செய்து காட்டினால் போதும் என்பது இவர் கொள்கை. ரெக்கார்டர் நேர்மையானது, தவறிப்போய் அழுத்திய கட்டத்தையும், எதையோ தேடிக் கீழே உருண்டு போனதையும்கூட விடாமல் எழுதிக்கொள்ளும். பெருமூச்சை மட்டும் எழுதுவதில்லை. ஆகவே மேக்ரோவால் நேரம் மிச்சமாவதற்குக் காரணம் வேகம் அன்று, பெருமூச்சு நீங்கியதே என்பது இவ்வுரைகாரரின் துணிபு.

இரண்டாமவர் எழுத்து மதத்தார். கட்டளைகளைத் தாமே விபிஏவில் எழுத வேண்டும் என்பது இவர் கொள்கை. ஃபோல்டரின் பெயரைச் சொல்லி 'டிர்' என்று கேட்டால் முதல் கோப்பின் பெயர் வரும். அதைத் திற, வேண்டிய வரிகளை எடு, மொத்தக் கணக்கில் கடைசி வரிக்குக் கீழே ஒட்டு, சேமிக்காமல் மூடு. மறுபடி 'டிர்' என்றால் அடுத்த பெயர். பெயர் எதுவும் வராதபோது வேலை முடிந்தது. அரைநாள் வேலை ஒரு சாயா ஆறுவதற்குள் அடங்கும்.

அஃதேல் இது எல்லா ஊருக்கும் பொதுவன்றோ, மட்டாஞ்சேரிக்குத் தனி உரை எற்றுக்கு எனின், கூறுதும். மேக்ரோ கேட்பது ஒன்றே ஒன்று: கோப்புகள் எல்லாம் ஒரே அச்சில் இருக்க வேண்டும். நாலைந்து தெருவுக்குள் குஜராத்தி, கொங்கணி, கச்சி மேமன், தமிழர், மலையாளி என்று எல்லோரும் கணக்கெழுதும் ஊரில் அது ஒன்றுதான் கிடைக்காத சரக்கு.

'இந்த வருஷக் கோப்புகளை மட்டும் திற' என்று ஆணையிட்டோம் என்க. எந்த வருஷம்? வருமான வரிக்கு ஏப்ரல் 1. குஜராத்தி சேட்டுக்குத் தீபாவளியன்று பூஜை போட்ட புதுக்கணக்கு. மலையாள வருஷம் ஆகஸ்டு நடுவில் சிங்கத்தில் பிறக்கும், நமக்கோ சித்திரை. போதாக்குறைக்கு, கொச்சித் துறையைத் திறந்துவிட்டதாகச் சொல்லப்படும் 1341-ஆம் வருஷத்து வெள்ளத்திலிருந்து எண்ணும் புதுவைப்பு ஆண்டு என்றும் ஒன்று இந்தக் கரையில் வழங்கியது. அந்த ஆண்டின் பெயரில் ஃபோல்டர் வைத்தவர் எவரும் இதுவரை ஆய்வில் அகப்படவில்லை. தேடல் தொடர்கிறது.

தேதியின் கொடுமை இதனினும் பெரிது. வங்கி அனுப்பும் சிஎஸ்வி கோப்பை விபிஏ திறக்கையில், நாம் வேறு சொல்லாவிட்டால், அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னே வைத்துப் படிக்கும். ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் 13-ஆம் தேதிமுதல் இந்த மயக்கத்துக்கு இடமில்லை. முதல் பன்னிரண்டிலும் நாளும் மாதமும் ஒரே எண்ணாகும் ஒரு நாள் தப்பும். ஆக மாதத்துக்கு 11, ஆண்டுக்கு 132 நாள்கள் இடம் மாறித் திரியும். திறக்கும் கட்டளையில் 'லோக்கல்' என்பதற்கு 'ட்ரூ' என்று கொடுத்தால் அவை வீடு திரும்பும். இதை அறியாதார் ஜோதிடரிடம் போதலும் உண்டு.

தலைப்பை அழகுபடுத்த நாலு கட்டத்தை ஒன்றாய் இணைப்பவரைப் பற்றி எழுத இவ்வுரைகாரருக்குப் பொறுமை இல்லை.

இங்கே யூதத் தெரு மிளகுச் சங்கத்தையும் நினைத்தல் வேண்டும். 1957-இல் தொடங்கிய அச்சங்கத்தில் மிளகின் முன்பேர வியாபாரம் கூவி விலை சொல்லி நடந்தது. கூவிய விலையை வாய்க்குள் திரும்ப இழுக்க முடியாது. மேக்ரோவும் அத்தன்மைத்தே: அது கோப்பில் கைவைத்து முடித்தபின் கன்ட்ரோல்-இசட் பலிக்காது, அன்டூப் பட்டியலே காலியாகியிருக்கும். கூவலுக்குச் சாட்சியாவது இருந்தது.

புறனடையாகச் சிறிது. 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வரும் கோப்பின் மேக்ரோவைத் தானாகவே தடுத்துவிடுகிறது. ஈமெயிலில் வந்த மேக்ரோ ஓடவில்லை என்று அனுப்பியவரை வையவேண்டாம். அவர் நம்பத் தக்கவர்தானா என்று பார்த்தபின், கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் 'அன்பிளாக்' என்பதைக் குறியிட்டுத் திறக்கவும்.

மேக்ரோ எழுதும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஓட்டுமுன் ஃபோல்டர் முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். எந்த வரி எதற்கு என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதுங்கள். உங்களுக்குத் துபாய் விசா வந்தபின் அந்த நாற்காலியில் உட்காரப்போகும் பையனிடம் உரையாசிரியர் எவரும் இருக்கமாட்டார்.